வாஷினோமியா பலகைகள்: ஒரு ஓவிய வாத்தியாரின் மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில் ஜப்பானியக் கோயில் ஒன்றின் படத்தைப் போட்டு, ‘சாமி பலகையில் கார்ட்டூன் கிறுக்கல்’ என்று தலைப்பு கொடுத்திருந்தீர்கள். இடம் டோக்கியோ என்று அச்சாகியிருந்தது. டோக்கியோ இல்லை. அது சைத்தாமா மாகாணத்துக் குக்கி நகரில் இருக்கும் வாஷினோமியா கோயில். இதே சைத்தாமாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகிறது. அதற்குள் இரண்டு முறை, பக்தர்கள் வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் அந்த மரப் பலகைகளுக்கு முன்னால் நின்றுவிட்டேன், அதனால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

முப்பத்து நான்கு வருடம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். ‘என்னடா கிறுக்கி வச்சிருக்கே’ என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது கேட்டிருப்பேன். எது கிறுக்கல், எது இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

அந்தப் பலகைக்கு ‘எமா’ என்று பெயர். ‘எ’ என்றால் படம், ‘மா’ என்றால் குதிரை. ஒரு காலத்தில் உயிருள்ள குதிரையையே சாமிக்கு விட்டிருக்கிறார்கள். கியோட்டோ பக்கம் கிஃபுனே கோயிலில் மழை வேண்டினால் கறுப்புக் குதிரை, மழை நிற்க வேண்டினால் வெள்ளைக் குதிரை. எல்லோராலும் குதிரை கொடுக்க முடியுமா? குதிரைக்குப் பதில் பலகையில் வரைந்த குதிரை வந்தது. சங்கத் தமிழிலும் ‘மா’ என்றால் குதிரைதானே என்று நான் துள்ளினேன். அது சீனத்திலிருந்து வந்த சொல், நம்முடையது இல்லை என்று மருமகன் ஒரே போடாகப் போட்டு உட்கார வைத்துவிட்டார். போகட்டும். அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இதை விளக்க அகராதி தேவையில்லை.

இப்போது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பலகையை சில நூறு யென்னுக்குக் கோயிலிலேயே விற்கிறார்கள். ஒரு பக்கம் கோயில் அச்சிட்ட படம், மறுபக்கம் வெற்று மரம். வேண்டுதலை அந்த வெற்றுப் பக்கத்தில் எழுதித் தொங்கவிட வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் நீங்கள் சொல்லும் கார்ட்டூன் வருகிறது. இவற்றை வரைகிற ரசிகர்களே ‘இட்டா எமா’ என்கிறார்கள். ‘இட்டாய்’ என்றால் வலிக்கிறது என்று பொருள். பார்க்கிறவர்களுக்குக் கண் வலிக்கும், தனக்கும் கூச்சமாக இருக்கும் என்ற கேலி அதில் இருக்கிறது. உங்கள் நிருபர் கேலி செய்வதற்கு முன்பே அவர்கள் தங்களைக் கேலி செய்துகொண்டாயிற்று.

வாஷினோமியாவுக்கு இது வந்த வழியையும் சொல்கிறேன். 2007-ல் ‘லக்கி ஸ்டார்’ என்ற அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் தொலைக்காட்சியில் வந்தது. அதில் வரும் இரட்டைச் சகோதரிகளின் தகப்பனார் கோயில் பூசாரி. தொடக்கப் பாட்டில் இந்தக் கோயிலின் முகப்பு அப்படியே வரும். ரசிகர்கள் இடத்தைக் கண்டுபிடித்துக் கிளம்பி வந்தார்கள். ஊர்க்காரர்கள் முதலில் மிரண்டிருப்பார்கள், யார்தான் மிரள மாட்டார்கள்? ஆனால் விரட்டவில்லை. 2008-ல் திருவிழாவில் அந்தப் பாத்திரங்கள் வரைந்த பல்லக்கைத் தூக்க விட்டார்கள். அந்த வருடப் புத்தாண்டுக்குக் கோயிலுக்கு வந்தவர்கள் 3 லட்சம் பேர், 2011-ல் 4 லட்சத்து 70 ஆயிரம். ‘சீரழிவு’ என்று நீங்கள் எழுதியது இந்தக் கூட்டத்தைத்தான்.

முதல் தடவை போனபோது நான் பார்த்த ஒரு பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெருகேற்றாத பச்சை மரத்தில் வரைவது லேசுப்பட்ட வேலை இல்லை. சாதாரண மார்க்கரை வைத்தால் மை ரேகை வழியே ஓடிப் பரவும், கண் வரைந்த இடம் கம்பளிப்பூச்சியாகிவிடும். அந்தப் பலகையை வரைந்தவர் யாரோ, மரத்தின் ரேகை போகும் போக்கைப் பார்த்து, அதையே பெண்ணின் நீளக் கூந்தலாக்கியிருந்தார். ஊதா கலர் பென்சிலை மட்டும் ரேகை மேல் மெல்ல ஓட்டியிருந்தார். முகத்துக்கு முதலில் வெள்ளை அக்ரிலிக் அடித்துக் காயவிட்டு, அதன் மேல் மெல்லிய கோடு. கண்ணில் வெளிச்சப் புள்ளிக்காக ஊசிமுனை அளவு இடம் விட்டிருந்தது. என்னிடம் படித்த பிள்ளை என்றால் பத்துக்கு ஒன்பது போட்டிருப்பேன். கை விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார், அதற்கு ஒரு மார்க் குறைவு. கை வராதவர்கள் உலகம் பூராவும் செய்கிற தந்திரம் அது.

கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் வேண்டுதல். மருமகன் வாசித்துச் சொன்னார்: பாட்டிக்கு முழங்கால் வலி தீர வேண்டும், பரீட்சையில் தேற வேண்டும். சாமியிடம் கேட்பதற்கு இதைவிட வேறென்ன இருக்கிறது?

எல்லாப் பலகையும் அப்படி என்று சொல்லவில்லை. அரைகுறை உடையில் சிலவும் தொங்கின, எனக்குப் பிடிக்கவில்லை. சில வெறும் அவசரம், அவற்றை நீங்கள் தாராளமாகக் கிறுக்கல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று. அந்தத் தொடரைத் தயாரித்த கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தில் 2019 ஜூலையில் ஒருவன் தீ வைத்தானே, 36 பேர் இறந்தார்களே, தொடரின் இயக்குநரும் அதில் போய்விட்டார். அப்போது ரசிகர்கள் இந்தக் கோயிலுக்கு வந்துதான் பலகை எழுதித் தொங்கவிட்டார்கள்.

எங்கள் பக்கம் குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரைக்கு மாசி மகத்தில் காகிதப்பூ மாலை சாத்துவார்கள். ரோஸ், பச்சை, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும். காகிதத்தில் என்ன பக்தி என்று அங்கே நின்று யாராவது கேட்டுப் பார்க்கட்டும். இங்கே இந்தப் பலகைகளையும் சேர்த்து வைத்து, பூசை செய்து தீயில் இடுவது பல கோயில்களில் வழக்கம். மணிக்கணக்காக உட்கார்ந்து வரைந்தவனுக்கு அது எரியப்போகிறது என்று தெரியும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. தலைப்பைக்கூட விட்டுவிடுங்கள். நீங்கள் போட்ட படத்தில் இடது ஓரத்துப் பலகையில் ஒருவர் தன் முழுப்பெயரையும் ஊரையும் எழுதியிருக்கிறார். தெளிவாகப் படிக்க முடிகிறது. தமிழ்ப் பத்திரிகையில் யார் ஜப்பான் எழுத்தைப் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலேயே படித்துவிட்டார்கள். இங்கே சில கோயில்களில் பெயரை மறைக்கப் பலகையோடு ஒட்டுத்தாளும் தருகிறார்கள். இணையப் பதிப்பில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் போடுங்கள், இரண்டு நிமிட வேலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கீரமங்கலம், புதுக்கோட்டை மாவட்டம்
(தற்போது சைத்தாமா, ஜப்பான்)