மூன்று சுற்று கீமோவுக்குப் பிறகு வந்த ரிப்போர்ட்: பெருங்குடல் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருங்குடல் புற்றுநோயில் பயோமார்க்கர், அதாவது நோயின் போக்கையோ மருந்தின் பலனையோ காட்டும் உயிரியல் குறி, தேடும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளில் நான் ஒரு வரிசை எண். என் கட்டியின் துண்டு ஒன்று மெழுகுக் கட்டிக்குள் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது இரண்டாம் நிலை. அறுவை சிகிச்சையில் குடலின் வலப்பக்கத்தை எடுத்தார்கள். நிணநீர் முடிச்சுகள் எதிலும் நோய் இல்லை. அதன்பிறகு மருத்துவர் சொன்ன வாக்கியத்தை இன்றும் மறக்க முடியவில்லை: "கீமோ எடுத்துக்கலாம். எடுக்காம விட்டாலும் தப்பில்ல." அவரைக் குறை சொல்லவில்லை. இரண்டாம் நிலையில் பெரும்பாலானோர் அறுவை சிகிச்சையோடே குணமாகிவிடுகிறார்கள், கீமோவால் கூடுதலாகப் பிழைப்பவர்கள் நூற்றில் சிலர்தான். அந்தச் சிலரில் நான் உண்டா என்பதுதான் கேள்வி. பயோமார்க்கர் என்ற ஒன்று இருப்பதே இதற்குப் பதில் சொல்லத்தானே?

பயத்தில் 'எடுத்துக்கொள்கிறேன்' என்றேன். கேப்சிடபின் மாத்திரை. உள்ளங்கை உரிந்தது, சட்டைப் பொத்தான் போடவே சிரமம். மூன்று சுற்று முடிந்தபிறகுதான் எம்.எஸ்.ஐ. ரிப்போர்ட் வந்தது. டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் வேலை செய்கின்றனவா என்று காட்டும் சோதனை அது. என் கட்டி எம்.எஸ்.ஐ. அதிகம் உள்ள வகை, அதாவது அந்தத் திருத்தும் வேலை கெட்டுப்போன வகை. இரண்டாம் நிலையில் இந்த வகைக்கு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. நான் விழுங்கிய மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதால் பலன் இருப்பதாகவும் தெரியவில்லை. இது 2003லேயே பேசப்பட்டு, 2010ல் இன்னும் உறுதியான செய்தி. அந்தப் புரதங்களில் நான்குக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் சாதாரணச் சோதனையே போதும். அதைக் கேட்டு அனுப்ப யாருக்கும் முதலில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் உங்கள் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் மலைப்பு, பிறகு எரிச்சல். 'புதிய பயோமார்க்கர்', 'தனித்து நிற்கும் முன்கணிப்புக் காரணி' (நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்லும் குறி) என்று வாரத்துக்கு வாரம் ஒன்று. நூறு, இருநூறு நோயாளிகள், ஒரே மருத்துவமனை. 'அதிகம்', 'குறைவு' என்று இரண்டாகப் பிரிக்கும் கோட்டை, முடிவு எங்கே அழகாக வருகிறதோ அங்கே போட்டுக்கொள்கிறீர்கள். சரி, அடுத்த மருத்துவமனையில் அதே கோடு நிற்குமா? பார்த்தவர் பெரும்பாலும் இல்லை. புற்றுநோய் முன்கணிப்புக் குறிகளைப் பற்றி 2005ல் வந்த 1,500க்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஒரு குழு எடுத்து ஆராய்ந்தது. 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை 'கண்டுபிடித்துவிட்டோம்' என்றே சொல்லின. இயற்கை இவ்வளவு தாராளமானது என்று நீங்களே நம்ப மாட்டீர்கள். தோற்றுப்போன ஆய்வுகள் எங்கே? மேசை இழுப்பறையில். இத்தனைக்கும், எதை எப்படி எழுத வேண்டும் என்று 'ரிமார்க்' நெறிமுறைகள் வந்ததும் அதே 2005ல்தான்.

நல்ல வேலை நடந்ததே இல்லை என்று சொல்லவில்லை. எனக்குப் பிடித்த கதை, பெருங்குடல் புற்றுநோய்க்கு ஊசியாகக் கொடுக்கும் செடுக்சிமாப் மருந்தின் கதை. 2004ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். புரதம் தெரிந்தால் கொடுக்கலாம் என்றார்கள். பார்த்தால் நியாயமான குறி, மருந்து பிடிப்பதே அந்தப் புரதத்தைத்தானே. ஆனால் மருந்து யாருக்குக் கேட்கும் என்பதை அது சொல்லவில்லை. 2008ல், முன்பே நடந்து முடிந்த ஒரு பெரிய சோதனையில் பங்கேற்றவர்களின் சேமித்து வைத்த கட்டித் துண்டுகள் 394ஐ எடுத்துப் பார்த்தார்கள். 42 சதவீதத்தில் கே-ராஸ் மரபணு மாறியிருந்தது, அவர்களுக்கு மருந்தால் பலன் இல்லை. அதுவரை எத்தனை பேர் முகமெல்லாம் கொப்புளத்தோடு வீணாக அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்களோ. விடை அலமாரியில் இருந்த பழைய துண்டுகளில்தான் இருந்தது, மருந்து பெற்றவர், பெறாதவர் இரு தரப்பையும் வைத்துக் கேள்வி கேட்டதால் கிடைத்தது. 'நோய் எப்படிப் போகும்' என்பது ஒரு கேள்வி, 'இந்த மருந்து இவருக்குக் கேட்குமா' என்பது வேறு கேள்வி. உங்கள் கட்டுரைகளில் பாதி, முதலாவதற்குக் கிடைத்த பதிலை வைத்து இரண்டாவதற்கும் முடிவுரை எழுதிவிடுகிறது.

குறி ஒன்றானாலும் இடத்துக்கு இடம் பொருள் மாறும் என்பதை என் ரிப்போர்ட்டே கற்றுக்கொடுத்தது. அதில் பி-ராஃப் மரபணுவில் வி600இ என்ற மாற்றமும் இருந்தது. தேடிப் படித்தால், உடலில் பரவிய நோயில் இது கெட்ட சகுனம் என்று போட்டிருந்தது. அன்று இரவு தூக்கமில்லை. மறுநாள் மரபணு ஆலோசகர் சிரித்தபடி சொன்னார்: உங்கள் வகைக் கட்டியில் இது இருந்தால் பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, உங்கள் தங்கை நிம்மதியாக இருக்கலாம் என்று. இந்தச் சூழலைச் சொல்லாமல் 'பி-ராஃப்: மோசம்' என்று தலைப்புப் போடுபவர்கள், அந்த ராத்திரியை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

ரத்தத்தில் அளக்கப்படும் சி.இ.ஏ. என்ற புரதக் குறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் 1965ல் கண்டறிந்தபோது, ரத்தத்திலேயே இந்தப் புற்றுநோயைப் பிடித்துவிடலாம் என்ற ஆசை பிறந்தது. ஆனால் புகை பிடிப்பவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும்கூட அதன் அளவு ஏறியது. ஆசை பொய்த்தாலும், அறுவை சிகிச்சைக்குப் பின் கண்காணிக்க இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள். வயதான, குறையுள்ள, ஆனால் எல்லைகள் தெரிந்த குறி. பத்து மரபணுக்களைச் சேர்த்துக் கணிக்கும் உங்கள் புதிய 'பத்து மரபணுக் கையொப்பங்களை' விட எனக்கு அதன்மேல் நம்பிக்கை அதிகம்.

நான் கேட்பது ஆஸ்திரேலியாவில் நடந்த டைனமிக் சோதனை போன்றவற்றை. 2022ல் முடிவு வந்தது. இரண்டாம் நிலை நோயாளிகள் 455 பேர். ஒரு பிரிவுக்கு, ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. மிதக்கிறதா என்று பார்த்துக் கீமோவை முடிவு செய்தார்கள். மற்றதற்கு வழக்கமான முறை. கீமோ எடுத்தவர்கள் 15 சதவீதம், மற்ற பிரிவில் 28. இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்களோ 93.5க்கு 92.4, ஏறக்குறைய சமம். அந்தக் குறியை வைத்து ஒரு முடிவை எடுத்தார்கள், அது சரியா என்று சோதித்தார்கள். என் மருத்துவரின் வாக்கியத்துக்கு இப்படித்தான் பதில் வரும், உயிர்வாழ்வு வரைபடத்தில் இரண்டு கோடுகள் பிரிவதைக் காட்டுவதால் வராது.

ஆகவே, அடுத்த மார்க்கரைத் தேடுமுன் கையில் இருப்பதைச் சோதியுங்கள். 'அதிகம்', 'குறைவு' என்று பிரிக்கும் கோட்டை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத் தரவைத் திறங்கள். ஏற்கெனவே நிரூபணமான எம்.எஸ்.ஐ. சோதனை, கீமோ தொடங்குமுன் ஏன் எல்லோருக்கும் நடப்பதில்லை என்பதும் ஆராய்ச்சிதான். மின்னும் தலைப்பு கிடைக்காது, இருந்தாலும் செய்யுங்கள்.

என் துண்டை ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அதையும் கட்டுரையாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணையில் ஒரு வரிசை எண்