கோரிக்கை மனு: தண்ணீர்விட்டான் கிழங்குப் பாத்தியை மரத்தடியிலேயே விட்டுவைக்க வேண்டி

18 ஆகஸ்ட் 2025
சிங்கப்பூர்

அனுப்புநர்:
செயலாளர், புளோக் தோட்டக் குழு, ஈசூன்

பெறுநர்:
சமூகத் தோட்டங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்

பொருள்: தோட்டத்தை மொட்டைமாடிக்கு மாற்றும்போது மூலிகைக் கிழங்குப் பாத்திக்கு மட்டும் விலக்கு அளிக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் சமூகத் தோட்டத்தை வரும் செப்டம்பர் முடிவதற்குள் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்மாடிக்கு மாற்ற வேண்டும் என்ற தங்கள் கடிதமும் வரைபடமும் கிடைத்தன. பேருந்து நிறுத்தம் வரை கூரை போட்ட நடைபாதை வரப்போவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தது. அதை நாங்கள் மனதார வரவேற்கிறோம். எங்கள் குழுவில் பாதிப் பேர் எழுபதைத் தொட்டவர்கள். மழையில் நனையாமல் பஸ் பிடிக்க முதலில் அந்தக் கூரை வேண்டியது அவர்களுக்குத்தான். கத்தரி, வெண்டை, கீரை, பாண்டான் எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோகத் தயாராக இருக்கிறோம். ஒரே ஒரு பாத்திக்காகத்தான் இந்த மனு.

தூங்குமூஞ்சி மரத்தின் கிழக்குப் பக்கத்தில் இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள மேட்டுப்பாத்தி அது. அதில் எட்டுத் தண்ணீர்விட்டான் கொடிகள் இருக்கின்றன. சதாவரி என்றும் சொல்வார்கள். ஊசி ஊசியாக இலை, கொடியில் முள், மண்ணுக்கு அடியில் விரல் விரலாகக் கொத்துக் கிழங்கு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற இதைக் கொடுப்பது நம் பெரியவர்களின் வழக்கம். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் நான் வளர்ந்தபோது, என் பாட்டி இதைத் தோல் சீவி, நடுநரம்பை உருவி எறிந்து, பாலில் வேகவைப்பார். தேக்கா வட்டாரக் கடைகளில் காய்ந்த கிழங்கு கிடைக்கிறது. பச்சைக் கிழங்கை நான் கண்டது அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில்தான். இதைத் தோண்டிய நாளில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா கையில் வாங்கிப் பார்த்து, "இது தியென் மென் தோங் இல்லையா?" என்று கேட்டார். சீன மருந்துக் கடையில் அந்தப் பெயரில் விற்பது இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கிழங்கு. அன்றிலிருந்து அந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவதில் அவருக்கும் முறை உண்டு.

இது எங்கே வைத்தாலும் வளரும் செடி இல்லை. அதை மூன்று முறை நட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 2019இல் விதை போட்டோம். முளைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பாதி முளைக்கவே இல்லை. முளைத்ததைச் சமதரையில் நட்டோம். 2021 புத்தாண்டன்று தொடங்கி விடாமல் பெய்த மழை தங்களுக்கும் நினைவிருக்கும். அது விட்ட பிறகு மண்ணைக் கிளறினால் பெரும்பாலான கிழங்கு அழுகிக் கூழாகிக் கிடந்தது. வாடை தாங்கவில்லை. ஈரோட்டுப் பக்கம் மஞ்சளுக்குப் பார் கட்டி வாய்க்காலில் தண்ணீர் விடுவது போல இங்கேயும் செய்யலாமே என்று ஒருவர் சொன்னார். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நம் ஊரில் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் தேங்கும், கொசு முட்டையிடும், டெங்கி பயம். அதனால் செங்கல் அடுக்கி 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, அடியில் சரளைக்கல் பரப்பினோம். விதையை விட்டுவிட்டு, அழுகாமல் தப்பிய பழைய தூரைப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு மொட்டும் இரண்டு மூன்று கிழங்கும் இருக்கும்படி, 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டோம். சீக்கிரமே வேர் பிடித்தது.

அந்த இரண்டாவது நடவில்தான் நிழல் விஷயம் புரிந்தது. ஒரே மண், ஒரே உயரம், மூன்று இடம். சாக்கடை ஓரம் நாள் முழுக்க வெயில் பட்ட செடிகள் மஞ்சளடித்து நுனி கருகின. கிழங்கு நிறைய இருந்தும் பென்சில் கனம்கூட இல்லை. புளோக்கின் சுவர் ஓரம் வெயிலே படாத செடிகள் வெளிச்சம் தேடிக் கொடியை நீளமாக ஓட்டின. அடியில் நாலைந்து கிழங்குதான். மரத்தின் கிழக்கே, காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள இடத்தில் 2023 பிப்ரவரியில் தோண்டினோம். கட்டைவிரல் கனத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு கொத்து வந்தது. ஒன்றை ஒடித்தேன். மணிக்கட்டு வரை தண்ணீர் வழிந்தது.

காட்டில் இது புதர்களுக்கு இடையே, மரங்களின் அரைநிழலில் படரும் கொடி. தூங்குமூஞ்சி மரம் அதற்கு வாய்த்த துணை. உச்சி வெயிலில் இலை விரித்து நிற்கும். மழை வந்தாலும் பொழுது சாய்ந்தாலும் இலையை மடக்கிக்கொள்ளும். அதனால் மழை அப்படியே மண்ணில் இறங்கும். அது அவரை இனத்து மரம் என்பதால் உதிரும் சிற்றிலைகளே எருவாகிவிடுகின்றன. 2024 ஜூனில் மூன்றாவது நடவை முழுவதுமாக அந்த ஒரே இடத்தில் செய்ததற்கு இவைதான் காரணம்.

இப்போது மாடியைப் பற்றி. வரைபடத்தில் காட்டியுள்ள பெட்டிகள் 20 சென்டிமீட்டர் ஆழம். கீரைக்கு அது தாராளம். மஞ்சளுக்கும் போதும், எட்டு ஒன்பது மாதத்தில் வெட்டி எடுத்துவிடலாம், கொஞ்சம் நிழல்வலை கட்டினால் நன்றாகவே வரும், பொங்கலுக்குக் கொத்தும் கிடைக்கும். ஆகவே மஞ்சளை மாடிக்கு ஏற்றுகிறோம். தண்ணீர்விட்டானை ஒருமுறை என் வீட்டு வாசலில் அந்த ஆழமுள்ள தொட்டியில் வைத்துப் பார்த்தேன். ஓராண்டு கழித்துக் கவிழ்த்தபோது கிழங்குகள் அடித்தட்டில் முட்டி, திரும்பி, இடியாப்பம் போலச் சுற்றிக்கொண்டு கிடந்தன. ஒன்றைக்கூடப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஆழமான பெட்டி கேட்கலாம்தான். ஆனால் ஈர மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையிருக்கும். கார் நிறுத்துமிடத்தின் தளத்தில் அவ்வளவு பாரத்தை ஏற்றச் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு நான் குடியிருந்த வேறொரு புளோக்கிலும் தோட்டத்தை இடம் மாற்றினார்கள். வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் செடிகளைப் பிடுங்கிக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டிருந்தார்கள். பையைத் திறந்தபோது உள்ளே இருந்து ஆவி அடித்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எந்தச் செடி எதைத் தாங்கும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அதனால்தான் இம்முறை முன்கூட்டியே எழுதுகிறேன்.

எங்கள் கோரிக்கை இதுதான். தங்கள் வரைபடத்தின்படி நடைபாதையின் ஓரம் எங்கே வரும் என்று நாடா பிடித்து அளந்தேன். பாத்தியின் விளிம்பிலிருந்து 1.8 மீட்டர் தள்ளித்தான் வருகிறது. மரமும் அங்கேயே நிற்கப்போகிறது. ஆகவே அந்தப் பாத்தியை நிரந்தரமாக அங்கேயே விட்டுவைக்கும்படி வேண்டுகிறோம். கட்டுமான நேரத்தில் தடுப்பு வேலி தேவைப்பட்டால் அதற்குள் இருந்தாலும் பரவாயில்லை. வாரம் ஒருமுறை மேற்பார்வையாளர் அனுமதிக்கும் நேரத்தில் ஒருவர் மட்டும் வந்து பார்த்துக்கொள்வோம்.

அதற்கு வழியில்லை என்றால், 2026 பிப்ரவரி இறுதி வரையாவது அவகாசம் தாருங்கள். செடிக்கு இப்போது 14 மாதம்தான் ஆகிறது. அப்போது 20 மாதம் ஆகியிருக்கும், கிழங்கு முற்றியிருக்கும். நம் ஊரில் மழை மிகக் குறைவாகப் பெய்யும் மாதம் பிப்ரவரி என்பதால் தோண்டிய கிழங்கைக் காயவைக்கவும் தோதாக இருக்கும். டிசம்பர் ஈரத்தில் தோண்டினால் தோல் சீவி முடிப்பதற்குள் பூசணம் பிடித்துவிடும். அதன் பிறகு தூர்களை மாடிக்கு மாற்ற நேர்ந்தால், இரண்டே இரண்டு பெட்டிகள் மட்டும் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் வேண்டும். தேங்காய்நார்த் தூள் கலந்த எடை குறைந்த கலவையை நிரப்பி, தங்கள் பொறியாளர் காட்டும் உத்தரத்துக்கு நேர்மேலே வைத்துக்கொள்கிறோம். மேற்குப் பக்கம் மட்டும் நிழல்வலை கட்ட அனுமதி வேண்டும். சுமத்ரா சூறைக்காற்று அடிக்கும் என்பதால், சட்டென்று கழற்றிச் சுருட்டக்கூடிய வலையாகவே கட்டுவோம். கழற்றும் பொறுப்பு எங்களுடையது.

தயவுசெய்து முடிவெடுக்கும் முன் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழரை மணிக்கு நாங்கள் பாத்தியில் இருப்போம். ஒரு கொடியின் அடியில் மண்ணை விலக்கிக் கிழங்கு எந்த அளவில் இருக்கிறது என்று காட்டுகிறோம். குழுவினரின் கையொப்பங்களும் பாத்தியின் அளவுக் குறிப்பும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்
புளோக் தோட்டக் குழு, ஈசூன்