செந்திலுக்கு அப்பா எழுதுவது

ஸ்ரீராமபுரம், பெங்களூரு
8.11.2020

அன்பு மகன் செந்திலுக்கு,

இங்கே அம்மா, ராஜி, பாட்டி, நான் எல்லோரும் சௌக்கியம். பாட்டிக்கு முட்டி வலி வழக்கம்போல். நீ துபாயிலிருந்து அனுப்பிய பணம் கிடைத்தது. இரண்டு தடவையாக வந்தது. முன்பெல்லாம் மாதம் பிறந்தால் பேங்க் மூலமாக ஒரே தொகையாக வரும், இப்போது ஏதோ எக்ஸ்சேஞ்ச் கடையிலிருந்து வருகிறது என்று ராஜி மெசேஜைப் பார்த்துச் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. வந்ததே பெரிது. அவளுடைய செமஸ்டர் பீஸைக் கட்டிவிட்டேன். ரசீது பச்சைப் பெட்டியில் இருக்கிறது.

போனில் பேசினால் ‘அப்புறம் கூப்பிடுறேன்ப்பா’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். போட்டோ அனுப்ப நானே பழகிக்கொண்டேன். இதை வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீர் நிறையக் குடி. வெளியே போனால் ஹெல்மெட் போட்டுக்கொள். பொழுதுபோக்கு பார்க்கில் போடுகிற மஞ்சள் ஹெல்மெட்டைச் சொல்கிறேன்.

நம் பார்க்கில் வேலை ஆரம்பித்தாகிவிட்டது. அக்டோபர் 15 முதல் திறக்கலாம் என்று டெல்லி உத்தரவு வந்தும் முதலாளி கொஞ்ச நாள் யோசித்தார். பிறகு பிடதியில் வொண்டர்லாவே திறக்கப்போகிறது என்றதும் அவருக்கும் தைரியம் வந்துவிட்டது. மார்ச் மாதம் கொரோனாவுக்காக முதல்வர் எடியூரப்பா ஒரு வாரம் மூடச் சொன்னபோது நாங்கள் மோட்டாருக்குத் தார்ப்பாய்கூடப் போர்த்தவில்லை, ஒரு வாரம்தானே என்று. அந்த ஒரு வாரம்தான் தீபாவளிவரை வந்து நிற்கிறது. பழைய ஆட்களில் பாதிப் பேரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டது என் சம்பளம் கம்மி என்பதால்தான் என்கிறாள் அம்மா. இருக்கட்டும்.

நீ பாலிடெக்னிக் லீவில் வந்து கிரீஸ் அடிப்பாயே, அந்தக் கொலம்பஸ் ஊஞ்சல் கப்பலைத்தான் முதலில் எடுத்தோம். கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் எலி ஒயரைக் கடித்துப் பூராவும் தாமிரமாகப் பல்லைக் காட்டுகிறது. மோட்டார் மூடிக்குள் மைனா கூடு, முட்டை இல்லை, நல்லவேளை. மோட்டாருக்கு இன்சுலேஷன் பார்க்கிற மெக்கர் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். முள் எழுந்திருக்கவே இல்லை. ஒரு மெகாஓம்கூடக் காட்டவில்லை. மழைக்காலம் முழுக்க ஈரம் ஏறியிருக்கிறது. மூடியைக் கழற்றி உள்ளே 200 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, மேலே கோணி போட்டு, இரண்டு ராத்திரி காய வைத்தோம். அப்புறம் போட்டால் முள் மெதுவாக எழுந்தது பார், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அடியில் கப்பலைத் தள்ளுகிற டயர் வெடித்துப்போயிருந்தது, அதை மாற்றியாகிவிட்டது. சீட் லாக்கின் ஸ்பிரிங் எல்லாம் துரு. எண்ணெய் போட்டால் போதும் என்றார் சூப்பர்வைசர். முடியாது, எல்லாவற்றையும் மாற்றினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். முதலில் காலியாக ஓட்டி, அடுத்து மணல் மூட்டை ஏற்றி, கடைசியில் நாங்களே உட்கார்ந்தோம்.

திறக்கிற அவசரத்தில் யாரும் எதையும் விட்டுவிடக்கூடாது என்பதுதான் எனக்கு. மே 7-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஊரடங்கில் சும்மா கிடந்த ஆலையைத் திறக்கிற நேரத்தில் விஷவாயு கசிந்து தூக்கத்திலேயே ஜனங்கள் செத்தார்கள். அதற்கப்புறம்தான் பேரிடர் மேலாண்மை ஆணையம், ஆலையைத் திறந்தால் முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்ததும் முழு உற்பத்திக்கு ஓடாதீர்கள் என்று சொன்னது. அந்தப் பேப்பரை வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். யாராவது அவசரப்படுத்தினால் எடுத்துக் காட்டுவேன். நீயும் எந்த வேலையாக இருந்தாலும் அவசரப்படாதே. பத்து நிமிடம் லேட்டானால் திட்டுவார்கள், திட்டட்டும்.

பார்க்குக்கு மத்திய அரசு கொடுத்த விதியைப் படித்தாயா? 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் கர்ப்பிணிகளும் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் வீட்டிலேயே இருப்பது நல்லதாம். அப்புறம் குட்டி ரயிலில் யார் உட்காருவது, நானா? ஏசியை 24 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். தரையெல்லாம் ஆறடிக்கு ஒரு வட்டம் ஒட்டியிருக்கிறார்கள். நீச்சல் குளம் கிடையாது. நம் அலைக் குளம் பச்சைப் பாசி பிடித்துத் தவளை கத்துகிறது, அதைச் சுத்தம் செய்ய ஆளும் இல்லை. ஒடிசா பையன்கள் மே மாதம் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்பிய ஷ்ரமிக் ரயிலில் போனவர்கள்தான், ஒருவனும் திரும்பவில்லை.

இந்த மாதங்களில் பார்க் செய்தி எங்கே வந்தாலும் நான் விடவில்லை. தந்தியில் வந்தாலும் சரி, யூடியூபில் வந்தாலும் சரி. ஷாங்காய் டிஸ்னியை ஜனவரி 25-இல் மூடி மே 11-இல் திறந்தார்கள், உலகத்திலேயே முதலில் திரும்பத் திறந்த டிஸ்னி அதுதான். ஒரு நாளைக்கு 80,000 பேர் வரக்கூடிய இடத்தில் 24,000 பேருக்கு மேல் கூடாது என்றதாம் அரசாங்கம். ஜப்பானில் ரைடில் போகிறவர்கள் கத்தக்கூடாது என்று விதி. ஃபூஜி-கியூ பார்க்கின் இரண்டு பெரிய அதிகாரிகள் கோட்டும் மாஸ்க்குமாக ரோலர் கோஸ்டரில் கம்மென்று உட்கார்ந்து போய்க் காட்டினார்கள். கடைசியில் ‘மனசுக்குள்ளேயே கத்துங்கள்’ என்று எழுத்து வருகிறது. ராஜி விழுந்து விழுந்து சிரித்தாள். கொலம்பஸில் கத்தாமல் போன ஆள் என் அனுபவத்தில் உன் பெரியப்பா ஒருத்தர்தான், அதுவும் பல்செட்டுக்குப் பயந்து.

ஹாங்காங் டிஸ்னியை ஜூன் 18-இல் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 15-இல் மூடி, செப்டம்பர் கடைசியில் மறுபடி திறந்தார்கள். கலிபோர்னியா டிஸ்னி மார்ச் 14-இல் மூடியது இன்னும் மூடியேதான் கிடக்கிறது. அதே கம்பெனியின் ஃபுளோரிடா பார்க்கை ஜூலை 11-இல் திறந்துவிட்டார்கள். திறந்து என்ன பயன்? செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவில் மட்டும் 28,000 பேரை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு பார்ட் டைம் ஆட்களாம்.

அந்தச் செய்தியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 28,000 பேரில் வேலை தெரியாதவன் எத்தனை பேர் இருந்திருப்பான்? பிட்டர் இருப்பான், பெயின்டர் இருப்பான், பொம்மை வேஷம் கட்டி வெயிலில் ஆடியவன் இருப்பான். அவனவன் வீட்டில் போய் என்ன சொன்னானோ. சொன்னவன் வீட்டிலும் அன்றைக்கு ராத்திரி ஏதோ சமைத்திருப்பார்கள், சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். சொல்லாதவன் பாடுதான் கஷ்டம். இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று கேட்காதே. தொழில் விஷயம், உனக்குப் பிடிக்குமே என்று எழுதுகிறேன்.

உங்கள் பக்கம் அபுதாபியில் ஜூலை கடைசியிலேயே திறந்துவிட்டார்கள், துபாயில் செப்டம்பரில் திறந்தார்கள் என்று பார்த்தேன். உன் பார்க் இன்னும் திறக்கவில்லை என்று நீ அம்மாவிடம் சொன்னாய். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு இருக்கும். நான் கேட்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா மகன், அல் கூஸில் ஏசி வேலை பார்க்கிறானே, அவன் போன வாரம் அவன் அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறான். சிக்னலில், பின்னால் பெட்டி கட்டிய பைக்கில், உன் ஜாடையில் ஒருவனைப் பார்த்தானாம். கை அசைத்தானாம், அந்த ஆள் பார்க்காத மாதிரி போய்விட்டானாம். அந்தப் பையனுக்குச் சின்ன வயதிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி. துபாயில் நம் ஊர் முகத்துக்கா பஞ்சம்? அம்மா காதுக்கு இது போகாமல் பார்த்துக்கொண்டேன். அக்காவிடமும் வேறு ஆளாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

அங்கே குளிர்காலத்தில் விடியற்காலை மூடுபனி இறங்குமாம். ஷேக் சாயித் ரோட்டில் எதிரே வருகிற வண்டி கண்ணுக்கே தெரியாதாம். பனி என்றால் வேகம் எடுக்காதே. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதே. கம்பெனி பஸ்ஸில் போகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பாய். பஸ் டிரைவரிடம் சொல். ஹெல்மெட் வாங்கினால் முகம் முழுக்க மூடுகிற மாதிரி வாங்கு, தாடைக்குக் கீழே பட்டையை மாட்டு. பாதிப் பேர் அதை மாட்டாமல் தொங்கவிடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சலூனில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. உங்க பையன் ரோலர் கோஸ்டர் கழற்றி மாட்டுகிறவனாமே என்று ஒருவர் கேட்டார். ஆமாம், பன்னிரண்டு பெட்டி ஓடுகிற கோஸ்டருக்குத் தனியாகச் சக்கரம் மாற்றுவான் என்றேன். பொய் இல்லை, நீயே வீடியோ காலில் காட்டினாய். இன்றைக்கும் யாராலும் அதை உன்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனால் ஓசூர் சைட்டை விற்றுத்தான் போக வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டேன். நீயும் மாமாவும் சேர்ந்து என் வாயை அடைத்தீர்கள். சரி, விடு. இப்போது அந்தப் பேச்சு வேண்டாம். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

நம் பார்க்கில் இரண்டு பிட்டர் தேடுகிறார்கள். சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பாய். அங்கே நீ ஒரு வாரத்தில் எடுத்ததை இங்கே ஒரு மாதத்துக்குக் கொடுப்பார்கள். ஆனால் மதியச் சாப்பாடு உண்டு, ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். சும்மா சொல்லி வைக்கிறேன். நான் யாரிடமும் உன் பெயரைச் சொல்லவில்லை. நம் ஆட்களை ஊருக்கு அழைத்து வர அரசாங்கம் விடுகிற வந்தே பாரத் விமானம் துபாயிலிருந்து இன்னமும் வருகிறது என்கிறார்கள். டிக்கெட் பணத்துக்கு யோசிக்காதே, ராஜிக்கென்று எடுத்த சீட்டுப் பணம் தொடாமல் இருக்கிறது, அவள் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வருவதானால் வா, இருப்பதானால் இரு. இருந்தால் பாஸ்போர்ட்டை உன் கையில் வாங்கி வைத்துக்கொள், விசா தேதியைப் பார்த்துக்கொள். தேதி தாண்டினால் நாளுக்கு நாள் அபராதம் ஏறும்.

அம்மா தீபாவளிக்கு அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்திருக்கிறாள். நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் வழக்கமான அளவில்தான் இடித்திருக்கிறாள். இந்த வருஷம் பச்சைப் பட்டாசு மட்டும்தான் வெடிக்கலாம் என்று உத்தரவு. ராஜிக்கு அதில் நம்பிக்கை இல்லை. துணி எடுக்கவில்லை, பாட்டிக்கு மட்டும் ஒரு சுங்குடி.

வருகிற மாதம் பணம் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. எனக்குச் சம்பளம் வர ஆரம்பித்துவிட்டது. நீ வயிற்றைக் கட்டி அனுப்பினால் எனக்கு அந்தச் சோறு இறங்காது. வாடகை எவ்வளவு, ஒரு ரூமில் எத்தனை பேர், யார் சமைக்கிறார்கள், இதையாவது எழுது.

பேசுவதானால் பத்தரைக்கு மேல் கூப்பிடு, உனக்கு அப்போது ஒன்பது மணி. பாட்டி மாத்திரை போட்டுப் பத்துக்கெல்லாம் தூங்கிவிடுவார், அம்மாவும் படுத்துவிடுவாள். நான் மொட்டை மாடிக்கு வந்துவிடுவேன், கீழே சிக்னல் சரியாக எடுக்காது. நீ சொல்வதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், எதையும் கேட்கவும் மாட்டேன். நானாகக் கூப்பிட்டு அந்த நேரத்தில் நீ வண்டியில் இருந்தால் எடுக்காதே. ஓரமாக நிறுத்திவிட்டுக் கூப்பிடு.

இப்படிக்கு,
அப்பா