மேல்மாடி அறையின் குளிர்

ஹரோ, இலண்டன்

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. லெஸ்ரரில் வாங்கிய வீட்டில் எல்லோரும் நலம் என்பதும், வீட்டைச் சூடாக்க நீரைக் காய்ச்சும் பொயிலர் நாள் முழுதும் ஓடியும் மகளின் மேல்மாடி அறை மட்டும் சூடேறவில்லை என்பதும் அறிந்தேன். வந்து பார்த்தவர், அந்தச் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேற்றரையே மாற்றச் சொன்னதாக எழுதியிருக்கிறீர். இப்போதைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். போன மாரியில் இதே கூத்து எங்கள் வீட்டிலும் நடந்தது.

முதலில் ரேடியேற்றரைக் கையால் தடவிப் பாரும். மேற்பாதி குளிர்ந்து கீழ்ப்பாதி சுட்டால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. பொயிலரை நிறுத்தி, ஆறவிட்டு, மேல் மூலையிலுள்ள சிறு திருகை அதற்குரிய சாவியால் கால் சுற்றுத் திறந்தால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். தண்ணீர் துளிர்த்ததும் மூடிவிடலாம். கீழே பழைய துவாய் ஒன்றைப் பிடியும். எங்கள் கம்பளத்தில் அந்தக் கறுத்த கறை இன்னும் போகவில்லை. காற்று போனால் அழுத்தமும் இறங்குமாதலால், குளிர்ந்த நிலையில் பொயிலரின் அழுத்தமானி 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை காட்டுகிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் தண்ணீர் விட்டுக்கொள்ள வேண்டும். அடிப்பக்கத்தின் நடுப்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால், அது இரும்பு அரித்துப் படிந்த கறுப்புச் சேறு; கழுவித்தான் ஆக வேண்டும்.

எங்கள் அறையில் இவ்விரண்டும் இல்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கும், எண்கள் பொறித்த வால்வுத் தலையைக் கழற்றியபோது, நடுவிலிருந்த மெல்லிய ஊசி, கோடை முழுதும் மூடிக்கிடந்ததால் உள்ளழுந்தியபடியே இறுகியிருந்தது. பக்கவாட்டில் மெல்லத் தட்டி, ஒரு துளி எண்ணெய் விட்டு, விரலால் அழுத்தி அழுத்தி விட்டபின் துள்ளி எழுந்தது. அதைக் குறட்டால் பிடுங்கினால் வீடெங்கும் வெள்ளந்தான்.

அதன் பிறகும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. உண்மையில் குற்றம் அந்த ரேடியேற்றரிலேயே இல்லை. சுடுநீர் தடை குறைந்த வழியில்தான் ஓடும். பொயிலருக்கு அருகிலிருந்த நடைபாதையும் வரவேற்பறையும் அள்ளிக் குடித்துவிட, கடைசியில் நிற்கும் அறைக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு ரேடியேற்றரின் மறுமுனையிலும் பிளாஸ்ரிக் மூடிக்குள் இன்னொரு வால்வு உண்டு. அருகிலுள்ளவற்றில் அதைச் சிறிது சிறிதாக இறுக்கி, தூரத்து அறையில் முழுதும் திறந்துவிட்டேன். எத்தனை சுற்று என்பதைக் கொப்பியில் குறித்துக்கொண்டதால், பிழையானபோது பழைய நிலைக்குத் திரும்பிவர முடிந்தது. ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் அரை மணிநேரம் காத்திருந்து, நீர் வரும் குழாய்க்கும் போகும் குழாய்க்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டை அளந்தேன். பழைய பொயிலர்களுக்கு ஏறத்தாழ 11 பாகை செல்சியஸ் வேறுபாடு இருக்க வேண்டும் என்பார்கள். புதியவற்றுக்கு 20 வரை போகலாம். இரண்டு சனிக்கிழமைகள் இதிலேயே கழிந்தன, மனைவியின் முறைப்பு வேறு.

பொயிலரின் உறையை மட்டும் தொட வேண்டாம். அதைத் திறக்க காஸ் சேஃப் (எரிவாயு வேலை செய்வோருக்கான பிரித்தானியப் பதிவேடு) பதிவு பெற்றவர் வேண்டும்.

மகளின் ரேடியேற்றரில் எந்தப் பக்கம் குளிர்கிறது என்று எழுதும். ஊசிதான் என்றால் நீரே சரிசெய்யலாம். மற்றதென்றால் அடுத்த சனிக்கிழமை கொப்பியோடு வருகிறேன்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்