மேட் ஃபினிஷ் பத்தி நம்ம கஸ்டமர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். ஃபைபர் பார்ட்ஸுக்கு நாங்க அடிக்கிற மேட் பெயிண்ட் (பளபளப்பில்லாத பெயிண்ட்) உரிஞ்சு வருதுன்னு ஒரு பேச்சு சுத்திட்டிருக்கு, நிறைய பேர் எங்ககிட்டயே கேட்டுட்டீங்க, அதான் எழுதிடலாம்னு.

பெயிண்டை நீர்த்துப்போக வைக்கிற தின்னரை ஊத்தி ஊத்தி அடிக்கிறாங்க, அதான் உரியுதுன்னு சொன்னதுதான் தாங்க முடியல. இந்தப் பேச்சு கிளம்பக் காரணமான பார்ட் வேற இடத்துல பிரைமர் (பெயிண்டுக்கு அடியில போடுற முதல் பூச்சு) அடிச்சு வந்தது, மேல மேட் மட்டும் போட்டா போதும்னு கேட்டாங்க, போட்டோம். உரிஞ்ச துண்டைத் திருப்பிப் பாத்தா பிரைமரும் அதோட ஒட்டிட்டே வந்திருக்கு, அடியில ஃபைபர் வழவழன்னு ஒரு கீறல்கூட இல்லாம இருக்கு, அதாவது தேய்க்காமலே பிரைமர் அடிச்சிருக்காங்க. மோல்டுல இருந்து சுலபமா கழண்டு வரணும்னு தடவுற வேக்ஸ் புது பார்ட் மேல படிஞ்சேதான் வரும், அதை எடுக்காம எது அடிச்சாலும் பிடிக்காதுங்க. எடுக்காம எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சா இன்னும் மோசம், வேக்ஸ் கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும். நாங்க வேக்ஸ் ரிமூவர் போட்டுத் துடைச்சு தண்ணி ஊத்திப் பாப்போம், ஒரே படலமா பரவினா சரி, முத்து முத்தா திரண்டா மறுபடி துடைப்போம். அப்புறம்தான் 320 எமரி, எபாக்சி பிரைமர், அதுமேல ஹார்ட்னர் (பெயிண்டை இறுக வைக்கிறது) கலக்குற பியூ மேட், அதாவது பாலியூரித்தேன் மேட் பெயிண்ட். பெயிண்டை மங்கலாக்குற மேட் பவுடர் டப்பா அடியில தங்கிடும், அதனால நல்லா கலக்கி வடிகட்டித்தான் ஸ்ப்ரே கன்ல ஊத்துவோம்.

அங்கங்க மினுங்குதுன்னு சொன்னவங்களுக்கு: மேட்டோட மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு, வெளிச்சம் அதுல பட்டு சிதறுறதாலதான் மங்கலா தெரியுது. பாலிஷ், கம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சா அந்த சொரசொரப்பு மழுங்கி மினுங்க ஆரம்பிச்சிடும், அந்த இடத்துல மட்டும் டச்-அப் பண்ணா திட்டா தெரியும், பேனல் முழுசா அடிக்கணும். சுத்தம் பண்ண மைல்டு சோப்பு, மெத்துன்னு ஒரு துணி போதும். அடிக்கடி கை படுற பார்ட்டுக்கு சாட்டின் (மேட்டை விட லேசா பளபளப்பு உள்ளது) எடுத்துக்கோங்க, எங்க அபிப்பிராயம் அதுதான்.

இனிமே வெளியில பிரைமர் அடிச்சு வர்ற பார்ட்டை முழுசா சுரண்டிட்டுத்தான் எடுப்போம், அதனால நாளும் ரேட்டும் கொஞ்சம் கூடும்.

இத்தனை பேச்சுக்கு நடுவுலயும் எங்களை நம்பி பார்ட் குடுத்தவங்க, எங்களுக்காக நாலு பேர்கிட்ட வாதாடினவங்க, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. எந்த இடத்துல அடிச்சதா இருந்தாலும் சரி, உரியுற பார்ட் இருந்தா கொண்டு வாங்க, உங்க கண்ணு முன்னாடியே சுரண்டிக் காட்டுறோம்.