அந்தப் பெட்டியைப் போட்டுராதே அக்கா

டோக்கியோ,
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் பார்சலும் போன வாரமே வந்துட்டு. பொடி டப்பா மூடி லேசா கழன்றிருந்தது. கவரைப் பிரிச்சதும் முதல்ல வந்தது பெருங்காய வாசம்தான், உன் எழுத்து அதுக்கு அப்புறம்தான். பொடியில பாதிக்கு மேல பத்திரமா இருக்கு, கவலைப்படாதே. சிந்தினதையும் வழிச்சு எடுத்து வச்சிருக்கேன்.

நீ எழுதின மூணு கடிதத்துக்கு நான் ஒண்ணுக்குக்கூட பதில் போடல. ஞாயித்துக்கிழமை போன்ல அம்மா "சாப்பிட்டியா"ன்னு கேப்பா, "சாப்பிட்டேன்"னு சொல்லுவேன், அதோட முடிஞ்சிரும். வேலை அதிகம்னு சொன்னா நீ நம்ப மாட்ட. பேனாவை எடுத்தா எங்கே ஆரம்பிக்கன்னு தெரியல, நாள் ஓடிட்டு. மனசுல வச்சுக்காதே.

நீ அடிக்கோடு போட்டுக் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிருதேன். பரண்ல இருக்கிற என் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுராதே. வீட்டை ஒழிக்கிறப்போ எதை வேணாலும் தூக்கிப் போடு, என் சைக்கிளைக்கூடப் போடு. நம்ம டிவி கேமும் கேசட்டும் அப்பா பைண்டு பண்ணின கதைகளும் கிடக்கிற அந்தப் பெட்டி மட்டும் உன் வீட்டுக்கு வரட்டும். ஏன்னு சொல்லுதேன்.

நிஷிகசாய்ல இருந்து அக்டோபர்லயே வேற இடம் மாறிட்டேன். அங்கே நம்ம ஊர்க்காரங்க நிறைய, சத்தமும் நிறைய. இது சின்ன அறை, பாய்க் கணக்குல சொன்னா ஆறு பாய். இங்கே எல்லா அறையையும் அப்படித்தான் அளக்குறாங்க. நம்ம வீட்டு அடுக்களையை நினைச்சுக்கோ, அவ்வளவுதான். ஸ்டேஷனுக்கு 20 நிமிஷம் நடக்கணும். நடை உடம்புக்கு நல்லதுதானே. வெளியில சாப்பிடுறதையும் நிறுத்திட்டேன், நானே பொங்கிக்கிறேன்.

குளிர் பத்திக் கேட்டிருந்த. டோக்கியோவுல பனி கொட்டுறது குறைவு. வறண்ட குளிர், உதடு வெடிச்சிரும். பழைய மரவீடுங்கிறதால சுவரு மெலிசு, தெருவுல இருக்கிற குளிர் அப்படியே உள்ளே இருக்கும். தேங்கா எண்ணெய் அக்டோபர்லயே கட்டியாயிட்டு. தினமும் பாட்டிலை சுடுதண்ணியில நிறுத்தித்தான் தலைக்கு வைக்கேன்.

கீழ் வீட்டுல ஒரு ஆச்சி இருக்காங்க. எண்பது வயசு இருக்கும். காலையில சரியா 6:30க்கு ரேடியோவுல உடற்பயிற்சிப் பாட்டு வரும், நாடு பூரா அந்த நேரத்துக்குக் கையைக் காலை நீட்டும். ஆச்சி வாசல்ல நின்னு ரேடியோ சொல்லச் சொல்ல, ஒரு நாள் விடாமச் செய்வாங்க. நான் வந்த முதல் வாரம் குப்பையைச் சரியாப் பிரிக்கல. பிளாஸ்டிக் கவருக்குள்ள முட்டை ஓடு கிடந்திருக்கு. பையை மாடியேத்திக் கொண்டுவந்து என் கதவுல சாய்ச்சு வச்சிட்டுப் போயிட்டாங்க. ஒரு வார்த்தை திட்டல. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. இப்போ அதே ஆச்சிதான் வாரத்துக்கு ஒரு தடவை கதவுக் கைப்பிடியில ஆரஞ்சுப் பையைத் தொங்கவிட்டுப் போறாங்க.

பெட்டிக்கு வாரேன். இங்கே அகிஹபாரான்னு ஒரு பேட்டை. யுத்தம் முடிஞ்ச கையோட ரேடியோ சாமான் விக்கிற கடைகளா ஆரம்பிச்ச இடம், இன்னிக்கும் கரண்டு சாமானுக்கு அதுதான் தலைநகரம். அங்கே பழைய வீடியோ கேம் மட்டுமே விக்கிற கடைகள் இருக்கு. முதல் தடவை உள்ளே நுழைஞ்சதும் அப்படியே நின்னுட்டேன் அக்கா. சுவரு பூரா கேசட். இங்கேயும் அதைக் கேசட்டுன்னுதான் சொல்றாங்க, "கசெட்டோ"ன்னு. நாமதான் தப்பாச் சொல்றோம்னு இத்தனை வருஷம் நினைச்சிட்டிருந்தேன்.

நாம விளையாடின டிவி கேம் எதோட நகல்னு அங்கேதான் கண்ணால பார்த்தேன். 1983 ஜூலை 15ல நிண்டெண்டோ இங்கே விட்ட ஃபேமிகாம். சிவப்பும் வெள்ளையுமா இருக்கும். அப்போ விலை 14,800 யென். 2003 வரைக்கும் தயாரிச்சிருக்காங்க. அதோட கேசட் அடியில வரிசையா இருக்கிற உலோகப் பின் 60. நம்ம ஊர் கேசட்டுக்கும் அதே 60தான். அப்படின்னா நம்ம பெட்டியில கிடக்கிற கேசட் இங்கே இருக்கிற மெஷின்ல அப்படியே உட்காரும், ஓடும். புரியுதா நான் ஏன் பதறுறேன்னு?

மெஷின் ஒண்ணு என்கிட்ட இருக்கு. ஓடாத சாமானைத் தொட்டியில குவிச்சு "ஜங்கு"ன்னு எழுதி மலிவா விப்பாங்க, அதுல எடுத்தது. நாலு ராத்திரி உட்கார்ந்து சரி பண்ணினேன். பின்னெல்லாம் பச்சை பூத்துப்போய் இருந்தது. பஞ்சுக் குச்சியில ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொண்ணாத் துடைச்சேன், வெள்ளைப் பஞ்சு கறுப்பாகிக் கறுப்பாகி வந்தது. நாம கேசட் ஓடலன்னா வாயை வச்சு ஊதுவோமே, அது தப்பாம். எச்சி ஈரம் பட்டுப் பின் அரிச்சிரும். எடுத்துத் திரும்பச் செருகினதாலதான் ஓடியிருக்கு, ஊதினதால இல்ல. சின்னவன்கிட்டச் சொல்லி வை, பெட்டியைத் திறந்தா ஊதக் கூடாது.

டிவி ஆச்சி குடுத்தது. 14 இஞ்ச், பழைய குண்டு டிவி. 2011ல இங்கே பழைய ஒளிபரப்பை நிறுத்தினதுல இருந்து சும்மா கிடந்திருக்கு. இந்த ஊர்ல டிவியைத் தூக்கிப் போடணும்னா நாமதான் காசு கட்டணும். நான் மெஷினைத் தூக்கிட்டு வந்ததைப் பார்த்துட்டு, "என் மகன் டிவி, வேணுமா"ன்னு கேட்டாங்க. மகன் ஒசாக்காவுல இருக்காராம். வாத்து சுடுற விளையாட்டுக்கு இந்த டிவிதான் வேணும், தெரியுமா? விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகும், வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமா வரும். துப்பாக்கிக்குள்ள இருக்கிற கண் அந்த வெளிச்சத்தைத் தேடும். புது டிவியில படம் துளி தாமதமா வரும், அதனால துப்பாக்கி ஏமாந்துரும். அப்பா டிவிகிட்டப் போய் முட்டிக்கிட்டுச் சுட்டதுக்கு நாம சண்டை போட்டோமே, கிட்ட வச்சா வெளிச்சம் எளிசாச் சிக்கும். அப்பாவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.

மரியோ கேசட் ஒண்ணு மலிவாக் கிடைச்சது. ஓட்டிப் பார்த்த அன்னிக்கு ஆச்சியைக் கூப்பிட்டேன். அவங்க வந்து உட்கார்ந்து, இரண்டாவது ரிமோட்டைத்தான் எடுத்தாங்க. அதுல ஸ்டார்ட் பட்டனே கிடையாது. அந்த இடத்துல சின்னச் சின்ன ஓட்டையா ஒரு மைக். நம்ம மெஷின்ல அது இல்ல, அதனால நான் என்னமோ அலங்காரம்னு விட்டுட்டேன். ஆச்சி அதை வாய்கிட்ட வச்சு "மோஷி மோஷி"ன்னாங்க, நம்ம "ஹலோ" மாதிரி. டிவிக்குள்ள இருந்து அவங்க குரல் வருது! மகன் சின்னப் பிள்ளையில சாப்பிட வரமாட்டானாம். இதுல கூப்பிட்டாத்தான் எழுந்திரிப்பானாம்.

அவங்க போனதுக்கு அப்புறம் நானும் எடுத்து, ஒண்ணும் தோணாம "அக்கா"ன்னு கூப்பிட்டேன். இந்த அறையில தமிழ் கேட்டது அன்னிக்குத்தான். போன்ல பேசுறது வேற. இது சுவருல பட்டு என்கிட்டயே திரும்ப வந்தது. உடனே சுவிட்சை அணைச்சிட்டேன்.

நாம ரெண்டு பேரும் சேர்ந்து சுட்டுக்கிட்டே ஓடுவோமே, அந்தக் காண்ட்ரா கேசட்டும் அகிஹபாராவுல பார்த்தேன். கடை மாடியில ஓடவிட்டிருந்தாங்க. ஜப்பான்ல 1988ல வந்தது. முதல் ஸ்டேஜ் காட்டுல, நாம ஓடுற பாதைக்குப் பின்னால மரம் நிக்குமே, அது காத்துல ஆடுது அக்கா! நம்ம வீட்டுல அது ஒருநாளும் ஆடினதா எனக்கு ஞாபகமே இல்ல. பனி ஸ்டேஜ்ல நிஜமாவே பனி பெய்யுது. ஒரு மணி நேரம் நின்னு பார்த்தேன். வாங்கல. நம்ம பெட்டியிலதான் இருக்கே, எதுக்கு இன்னொண்ணு?

அருவி ஸ்டேஜ் ஞாபகம் இருக்கா? நான் விறுவிறுன்னு மேல ஏறிருவேன். திரை என்கூட மேல நகரும், கீழே நிக்கிற நீ செத்துருவ. "இருடா, இருடா"ன்னு கத்துவ. முப்பது உயிர் குடுக்கிற ரகசியப் பட்டன் வரிசையை அழுத்தியும் உன் உயிரெல்லாம் அந்த அருவியிலதான் போகும். அந்தக் கடை மாடியில நின்னு அதைத்தான் நினைச்சேன். இந்த அஞ்சு வருஷமும் நான் அப்படித்தான் ஏறிட்டேன். அப்பா காரியத்துல இருந்து அம்மா கண்ணு வரைக்கும் எல்லாம் உன் தலையில. நீ ஒரு கடிதத்துலகூட அதைச் சொல்லல.

பெட்டியில கேசட்டுக்கு அடியில அப்பா பைண்டு பண்ணின தொடர்கதைகள் இருக்கும். வாரப் பத்திரிகையில இருந்து கிழிச்சு, வாரக்கணக்கு பார்த்து அடுக்கி, பைண்டிங் கடை அண்ணாச்சிகிட்டக் குடுத்துத் தைச்சது. ஒவ்வொண்ணுலயும் முதுகுல அப்பா எழுத்து. ஒரு தொகுப்புல நடுவுல ஒரு வாரம் இருக்காது. நான் மிட்டாய் மடிக்கக் கிழிச்சிட்டேன்னு நீ சொன்ன, நீ கிழிச்சன்னு நான் சொன்னேன். நான்தான் கிழிச்சேன். லயன் காமிக்ஸும் இருபது முப்பது இருக்கும், அதைப் பெரியவன் எடுத்துக்கட்டும். பேப்பர் உப்பியிருந்தா நிழல்ல காயவை, வெயில் வேண்டாம். வசம்பும் காஞ்ச வேப்பிலையும் போட்டு வை, கரையான் அண்டாது.

இங்கே ஜிம்போச்சோன்னு ஒரு தெரு இருக்கு, பழைய புத்தகக் கடையே நூத்துக்கு மேல. பெரும்பாலான கடை வடக்குப் பார்த்த வாசல். வெயில் பட்டா அட்டை வெளுத்துரும்னு அப்படி வச்சிருக்காங்க. வாசல்ல போட்டிருக்கிற மரத்தட்டுல 100 யென் புத்தகம் இருக்கும், நான் அதோட நின்னுக்குவேன். சின்னப் பிள்ளைங்க புத்தகமாப் பார்த்து எடுப்பேன். பெரிய சீன எழுத்துக்குப் பக்கத்துலயே உச்சரிப்பைப் பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, அகராதி இல்லாம வாசிச்சிரலாம். புதுப் புத்தகக் கடையில காசு கட்டினதும் "அட்டை போடவா"ன்னு கேட்டு, பேப்பரை மடிச்சு ஒரு துளி பசை இல்லாம அட்டை போட்டுக் குடுப்பாங்க. அந்த மடிப்பைப் பார்த்தா அப்பா ஜூன் மாசம் நமக்குக் காலண்டர் தாள்ல அட்டை போடுறது மாதிரியே இருக்கும். அந்தத் தெருவுல ஜப்பான் குழம்புச் சோறு போடுற சாப்பாட்டுக் கடைகளும் நிறைய. ஒரு கையில புத்தகம், ஒரு கையில கரண்டின்னு சாப்பிடுவாங்க. அந்தக் குழம்பு கெட்டியா, கொஞ்சம் தித்திப்பா இருக்கும். நம்ம நாக்குக்குச் சேராது. உன் சொதியை நினைச்சா அந்தப் பக்கமே போக முடியாது.

இனி வீட்டு விஷயம். வீட்டை ஒத்திக்கு விடலாம்னு அத்தான் சொல்றது எனக்குச் சம்மதம். வித்துர மட்டும் வேண்டாம். சித்தப்பா எல்லைச் சுவரைப் பத்திக் கேட்டா, சர்வேயரை வச்சு அளந்துட்டுப் பேசலாம்னு சொல்லு, நீ வாக்கு குடுத்துராதே. அத்தானைப் பவர் பத்திரம் எழுதி அனுப்பச் சொல்லு. இந்தியத் தூதரகம் குடான்ஷிதாவுல இருக்கு, ஜிம்போச்சோவுக்கு அடுத்த ஸ்டேஷன்தான். லீவு போட்டுப் போய்க் கையெழுத்து வச்சு அனுப்பிருதேன். தபால் கைக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள நம்ம ஊர்ல முத்திரைக் கட்டணம் கட்டிரணும், இல்லன்னா சிக்கல். அத்தானை மறக்காம இருக்கச் சொல்லு.

ஒத்திப் பணம் வந்ததும் முதல்ல அம்மா கண் ஆபரேஷன். ரெண்டு கண்ணையும் ஒரே நேரத்துல வேண்டாம், ஒண்ணு ஆறினதும் அடுத்தது. எனக்குன்னு ஒண்ணும் எடுத்து வைக்காதே. உன் வளையலைத் திருப்ப இந்த மாசம் அனுப்புறதா இருந்தேன். யென் மதிப்பு இறங்கிக் கிடக்கு, இப்போ அனுப்பினா நஷ்டம். வட்டியை மட்டும் கட்டி வை, சித்திரைக்குள்ள முழுசும் அனுப்பிருதேன். டிசம்பர்ல மொழிப் பரிட்சை எழுதியிருக்கேன், இந்த மாசக் கடைசியில முடிவு வரும். தேறிட்டா கம்பெனியில சம்பளம் பேசலாம்.

பைண்டிங் கடை அண்ணாச்சி மகன் மார்ச்ல இங்கே வாரானாமே. அவன்கிட்ட காண்ட்ரா கேசட்டை மட்டும் குடுத்து விடு. துணியில சுத்திக் குடு. மெஷின் உன் வீட்டுலயே இருக்கட்டும். பெரியவனுக்குப் பத்தாம் வகுப்புப் பரிட்சை முடியட்டும், அதுவரைக்கும் அவன் கண்ணுல காட்டாதே.

அத்தானுக்கு வணக்கம் சொல்லு. பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தம்பி

பி.கு.: குளிர் பத்தி எழுதினதை அம்மாவுக்கு வாசிக்காதே. தம்பி தடிமனா ஸ்வெட்டர் வாங்கிட்டான்னு சொல்லிரு. அடுத்த மாசம் வாங்கிருவேன்.