வாடகை வீடு: முன்பணத்தின் கதி சாவி வாங்கும் நாளிலேயே முடிவாகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகைக்கு வீடு தேடுவோருக்கான ஆலோசனைகள் பெரும்பாலும் வாடகை எவ்வளவு, எத்தனை அறை, பேருந்து வசதி உண்டா என்பதோடு நின்றுவிடுகின்றன. தகராறு வருவதோ காலி செய்யும்போது. சுவரில் இந்தக் கறை முன்பே இருந்ததா, குளியலறை ஓட்டில் விரிசல் எப்போது விழுந்தது என்று கேட்டால் இரு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். குடிபுகுந்த நாளின் பதிவு கையில் இல்லாதவர், நியாயம் தன் பக்கம் இருந்தும் முன்பணத்தில் ஒரு பகுதியை இழக்கிறார். பெட்டி படுக்கையை உள்ளே வைப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இதைத் தவிர்க்கலாம்.

வீடு பார்க்கப் பகலில் போக வேண்டும். முடிந்தால் மழை பெய்த மறுநாள் இன்னொரு முறையும். சுவரில் ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அங்கே கை வைத்தால் சில்லென்று இருக்கிறதா, விரல் முட்டியால் தட்டினால் வெற்றொலி கேட்கிறதா என்று பாருங்கள். வெற்றொலி கேட்டால் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள்.

ஓதத்தைப் பற்றி, அதாவது சுவரில் ஊறும் ஈரத்தைப் பற்றி, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மேல்தளத்திலிருந்தோ குழாயிலிருந்தோ கசிந்தால் பழுப்பு வளையமாகத் தெரியும். மழைக்குப் பின்போ மேல்வீட்டார் தண்ணீர் புழங்கிய பின்போ அது பெரிதாகும். இவை இரண்டும் கட்டடத்தின் குறை. மூன்றாவது வகை, அறைக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலைச் சாத்திவைத்து உள்ளே துணி உலர்த்துவதாலும் இது வரும், குளியலறையில் காற்றுப்போக்கி இல்லாததாலும் வரும். ஆகவே பூஞ்சைக்கு யார் பொறுப்பு என்பதில்தான் இருவரும் எளிதில் முட்டிக்கொள்கிறார்கள்.

இதைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. சுவரைத் துடைத்து உலரவிட்டு, 30 சென்டிமீட்டர் சதுர அலுமினியத் தாளை வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். 48 மணி நேரம் கழித்து அறையைப் பார்த்த பக்கத்தில் ஈரம் இருந்தால் அது காற்றின் ஈரம். சுவரைத் தொட்ட பக்கத்தில் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. படம் எடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். காற்றின் ஈரம்தான் என்றால் பீரோவைச் சுவரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். குளித்தபின் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சையின் மேல் பெயிண்ட் அடித்து மறைப்பதில் பயனில்லை. சில வாரங்களில் மறுபடியும் தலைகாட்டும்.

தண்ணீருக்கு ஒரு வாளி போதும். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் அழுத்தம் நல்லது. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் ஷவரில் குளிப்பது சிரமம். சமையலறைக் குழாயும் குளியலறைக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் திறந்து பார்ப்பது ஏமாற்றிவிடும். சிங்க்கை நிரப்பித் திறந்துவிடும்போது தண்ணீர் மெதுவாகக் களகளவென்று இறங்கினால் கழிவுக் குழாயில் அடைப்பு இருக்கலாம், காற்றுக்குழாய் அடைபட்டிருக்கலாம். ஃப்ளஷ் தொட்டியில் சில சொட்டு உணவு வண்ணம் விட்டு 20 நிமிடம் காத்திருங்கள். கோப்பைக்குள் வண்ணம் வந்தால் அடி வால்வு கசிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றும் கசிவு இது.

மின் மீட்டரைப் பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். வீட்டில் எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் மெயின் சுவிட்சையும் அணையுங்கள். அப்போது நின்றுவிட்டால், படிக்கட்டு விளக்கோ பொது மோட்டாரோ உங்கள் இணைப்பிலிருந்து போயிருக்கலாம். அப்போதும் ஓடினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ மின்சாரம் இழுத்திருக்கிறார்கள், அல்லது மீட்டரே பழுது. இதைத் தீர்க்காமல் குடிபோனால் இன்னொருவர் கட்டணத்தையும் சேர்த்தே கட்டுவீர்கள்.

மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா, அதில் 30 மில்லியாம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீஸர் இருந்து, புகை வெளியேறக் குழாய் இல்லையென்றால் அந்த வீட்டை அப்படியே ஏற்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலி, குமட்டல் என்று தொடங்கி ஆளைச் சாய்த்துவிடும். இதில் சமரசமே கூடாது.

அடுத்து பதிவு. ஒவ்வோர் அறையிலும் வாசலில் நின்று நான்கு சுவர்களையும் எடுத்து, பிறகு குறைகளைக் கிட்டத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். சிங்க்கின் அடிப்பகுதி, அலமாரிகளின் உட்புறம், ஜன்னல் கொக்கிகள், மீட்டர்களின் எண்கள் எல்லாம் இதில் அடங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படத்தோடு பதிந்திருக்கும் தேதி விவரம் போய்விடும். கோப்பாக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் அன்றே அனுப்புங்கள். உங்களிடம் மட்டும் இருக்கும் படத்தைவிட இருவரிடமும் ஒரே தேதியில் இருக்கும் படத்துக்கு மதிப்பு அதிகம். மின்விசிறி எத்தனை, எது ஓடுகிறது, சாவி எத்தனை என்று ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். 'பழைய நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும்' என்ற வரி இருந்து, அந்தப் பழைய நிலை என்ன என்று எழுதிய பட்டியல் இல்லாத ஒப்பந்தம் வாடகைதாரருக்கு ஆபத்தானது.

ஒப்பந்தத்தில் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், பிடித்தத்துக்கு ரசீது காட்டப்படுமா, வாடகை எப்போது எவ்வளவு உயரும், இரு தரப்பும் எவ்வளவு காலம் முன்பு அறிவிக்க வேண்டும் என்பவை எண்ணில் இருக்க வேண்டும். புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்றும் எழுதிக்கொள்ளுங்கள். மங்கிய பெயிண்டும் தேய்ந்த குழாய் வாஷரும் தேய்மானம். உடைந்த ஓடும், சமையல் மேடையில் சூடுபட்ட தழும்பும் சேதம். சேதத்திலும் வயதைக் கழிக்க வேண்டும். ஐந்து ஆண்டு உழைக்கும் பெயிண்டை நான்காம் ஆண்டு முடிவில் கெடுத்திருந்தால், நியாயமாகப் பிடிக்கக்கூடியது செலவில் ஐந்தில் ஒரு பங்கு.

பழுதுகளை வாய்மொழியாகச் சொல்வதோடு விடாதீர்கள். என்ன பழுது, எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் ஆள் வரலாம் என்று எழுதி அனுப்புங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்துவதும், கடைசி மாதங்களை முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவதும் உங்கள் வலுவான வழக்கைப் பலவீனமாக்கும். வாடகை பாக்கி என்ற ஒற்றைக் காரணத்தை எதிர்த்தரப்பின் கையில் நீங்களே கொடுக்கிறீர்கள். காலி செய்யும் நாளில், முதல் நாள் எடுத்த அதே வரிசையில் படங்களை எடுங்கள். மீட்டர் எண்களைக் குறித்து, சாவிகளை எண்ணிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

தங்கள் நாளிதழின் வீட்டுமனைப் பக்கத்தில் இந்தச் சோதனைகளை ஒரு பக்கப் படிவமாக வெளியிட்டால், வெட்டி எடுத்து நேராக வீடு பார்க்கக் கொண்டுபோக முடியும். அறைவாரியாகக் கட்டங்கள், மீட்டர் எண்களுக்கு இரண்டு வரிகள், இரு கையெழுத்துகளுக்கும் தேதிக்கும் இடம் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்